பத்து நிமிடத்துக்குள் உறுதிசெய்க

ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் தோல் தர ஆய்வு நிலையம் என்று ஒன்று இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எங்கே தோல் பதனிட்டாலும், அது கப்பல் ஏறும் முன் ஒரு துண்டு இந்த நிலையத்துக்கு வந்தாக வேண்டும். வந்த துண்டை இங்கே இழுப்பார்கள், மடக்குவார்கள், தேய்ப்பார்கள், நனைப்பார்கள். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள். ஒரு தோல் எத்தனை வருடம் தாங்கும் என்பதை மாடியிலிருக்கும் சோதனைக்கூடத்தில் நான்கே நாளில் சொல்லிவிடுவார்கள். அதைச் சொல்லும் தாள் மாடியிலிருந்து கீழே அலுவலகத்துக்கு வந்து சேர இருபது நாள் ஆகும்.

இந்த இருபது நாளைக் குறைப்பதற்காகத்தான் 2008-ஆம் ஆண்டு அரசு ஒரு திட்டம் கொடுத்தது. மாடியிலும் கீழேயுமாக இருக்கும் இருபத்திரண்டு கணினிகளையும் கம்பி வழியாக இணைத்துவிட வேண்டும். மாடியில் தட்டினால் கீழே தெரிய வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

அதுவரை அந்த வேலையைக் கம்பிக்குப் பதிலாகக் கெசியாவின் கால்கள் செய்துவந்தன. பென் டிரைவில் ரிப்போர்ட்டுகளை ஏற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு முப்பது முறை மாடி ஏறி இறங்குவாள். அவளுடைய பதவி தற்காலிகக் கணினி உதவியாளர். எண்பத்தொன்பது நாளைக்கு ஒரு நியமன ஆணை வரும். தொண்ணூறாவது நாள் வேலையில் இருந்தால் அவளுக்கு ஏதோ உரிமை வந்துவிடும் என்பதால் அன்று அவள் வேலையில் இல்லை. ஆறு வருடத்தில் இப்படி இருபத்து நான்கு ஆணைகள். ஆனால் தொண்ணூறாவது நாளிலும் கணினி ஓட வேண்டுமே. ஆகவே அன்றைக்கு மட்டும் அவள் வாசலில் இருக்கும் பார்வையாளர் பதிவேட்டில், பார்க்க வந்தவர் கெசியா, பார்க்கப்பட வேண்டியவர் கெசியா என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு உள்ளே போவாள்.

திட்ட ஆணையின் ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் இணைப்பு இயங்கத் தொடங்கிவிட்டது என்று நிலையத்தின் குழு சான்றளித்தால், கணினி உதவியாளர் பதவி நிரந்தரமாகும். அதில் இருப்பவரையே நியமிக்கலாம். சான்று இல்லையேல் திட்டமும் முடியும், பதவியும் முடியும். ஜனவரி இரண்டாம் தேதி கெசியாவுக்கு முப்பத்தைந்து வயது நிறைகிறது. அதற்குப் பிறகு எந்த அரசு வேலைக்கும் அவள் விண்ணப்பம்கூடப் போட முடியாது. சத்துவாச்சாரியில் அவள் அப்பா தேவசகாயம் அந்த ஏழாம் பக்கத்தைத் தன் வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்தார்.

செப்டம்பர் எட்டாம் தேதி மூன்று கம்பெனிகள் ஆளுக்கொரு சுவிட்ச்சைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்துவிட்டுப் போயின. சுவிட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. பூட்டிய டிபன் பெட்டி மாதிரி ஒரு தகரப் பெட்டி. முன்பக்கம் இருபத்து நான்கு ஓட்டைகள். எல்லாக் கணினியின் கம்பியும் இதில் வந்து சேரும். யார் பேசுவது யாருக்குப் போக வேண்டும் என்பதை இதுதான் பார்த்துக்கொள்ளும். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதற்கு நாம் சொல்ல வேண்டும். ஒரு கறுப்புத் திரையில் வரி வரியாக எழுதி என்டர் தட்டினால் கேட்டுக்கொள்ளும். அந்த வரிகளுக்குக் கட்டளைகள் என்று பெயர். மூன்று கம்பெனியும் மூன்று விதமாகக் கட்டளை வாங்கும்.

கெசியா அன்று மதியத்துக்குள் மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு குறிப்பு எழுதினாள். முதலாவது பெட்டி, வரியைத் தட்டிய கணமே செய்துவிடும். ஆனால் சேமிக்கச் சொல்லாவிட்டால் கரண்ட் போனதும் மறந்துவிடும். இரண்டாவது, சொல்வதையெல்லாம் முதலில் வரைவாக வைத்துக்கொள்ளும், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும், பிறகு ஒப்புதல் கொடுத்தால்தான் செய்யும். மூன்றாவது வரிகளே வாங்காது. ஒன்று முதல் ஒன்பது வரை எண் தட்ட வேண்டும். முதல் இரண்டில் எதை வைத்தாலும் அரை நாள் வேலை. இவ்வளவுதான் குறிப்பு.

கண்காணிப்பாளர் ராஜம்மாள் அதைக் கண்ணாடிக்கு மேலும் கீழுமாகப் பார்த்தார். அலுவலகத்தில் எந்தக் காகிதமும் அவர் மேசையின் மேல் ஏறி இறங்காமல் எங்கும் போக முடியாது.

"அரைப் பக்கம்தான் இருக்கு. அரைப் பக்கம் ஃபைல் ஆகாதும்மா. குழு போடணும்," என்றார்.

குழு போட்டார்கள். தலைவர் இயக்குநர் டாக்டர் ஆரோக்கியசாமி. செயலாளர் சோதனைப் பிரிவின் துணை இயக்குநர் ஜெபராஜ். விதிகளுக்கு ராஜம்மாள். கெசியாவுக்கும் ஒரு நாற்காலி உண்டு; கேட்டால் மட்டும் பேசலாம்.

ஜெபராஜ் இருபத்திரண்டு வருடமாகத் தோலைச் சோதித்தவர். அவரிடம் கைகுலுக்கக் கை நீட்டினால், உள்ளங்கையைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். கட்டளைகளை ஒப்பிடுவதற்கென்று சோதனை விதி எதுவும் புத்தகத்தில் இல்லை என்று கெசியா சொன்னபோது அவர் பொறுமையாகச் சிரித்தார்.

"இந்த கேட்டுக்குள்ள எது வந்தாலும் அது சாம்பிள். போன வருஷம் இருபது நாற்காலி வந்தது. அதைக்கூட நாம சும்மா உட்கார்ந்துடல. இழுத்துப் பாத்துதான் உட்கார்ந்தோம்."

"எத்தனை மிச்சம் ஆச்சு?" என்று இயக்குநர் கேட்டார்.

"நாலு சார். நாலும் நல்ல தரம்."

அந்த நான்கில்தான் அவர்கள் அப்போது உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் வேலையாக, கம்பெனியின் பெயர் தெரிந்தால் மனம் சாயும் என்பதால், மூன்று பெட்டிகளின் பெயர்ப்பலகை மீதும் ஒவ்வொரு தோல் துண்டு ஒட்டப்பட்டது. உடனே செய்கிற பெட்டிக்குக் கறுப்புத் தோல். வரைவு வைக்கிற பெட்டிக்குப் பழுப்பு. எண் கேட்கிற பெட்டிக்கு வெள்ளை. அன்றிலிருந்து அவற்றுக்கு அதுவே பெயர்.

அடுத்தது பதப்படுத்தல். எந்த மாதிரியையும் சோதிக்கும் முன், இருபத்து மூன்று டிகிரி வெப்பமும் ஐம்பது சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் நாற்பத்தெட்டு மணி நேரம் தொடர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். மூன்று பெட்டிகளையும் அந்த அறையில் ஆணியில் தொங்கவிட்டார்கள். அந்த வருடம் கரண்ட் தினமும் இரண்டு மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் போனால் குளிர்சாதனம் நிற்கும், வெப்பம் ஏறும், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஜெனரேட்டர் இருந்தது. அதை ஓட்டிப் பார்த்துச் சான்று தரவேண்டிய குழு இன்னும் கூடவில்லை. இப்படியே ஒரு மாதம் போயிற்று. ஆயுத பூஜை விடுமுறைக்குத் தொழிற்சாலைகள் எல்லாம் மூடியதால்தான் இரண்டு நாள் கரண்ட் தங்கியது, பெட்டிகளும் பதமாயின.

அதன் பிறகு மடிப்புச் சோதனை. நல்ல தோல் ஐம்பதாயிரம் முறை மடித்தாலும் வெடிக்கக் கூடாது. கட்டளைக்கு மடிப்பு எது என்பதில் குழுவுக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டுவதுதான் அதற்கு நெருக்கமானது என்று ஜெபராஜ் தீர்மானித்தார். கெசியாவின் விரல்களை உத்தேசித்து ஐம்பதாயிரத்தை ஐநூறாகக் குறைத்துக் கொடுத்தார். எத்தனை ஓட்டை விழித்திருக்கிறது, எத்தனை தூங்குகிறது என்று கேட்கும் ஒரே ஒரு வரியை, கறுப்பில் ஐநூறு முறை, பழுப்பில் ஐநூறு முறை அவள் தட்டினாள். பக்கத்தில் சோதனைக்கூட உதவியாளர் நிசார் அஹமது கையில் எண்ணும் கருவியோடு உட்கார்ந்திருந்தார். மடிப்பு இயந்திரத்தைப் பதினெட்டு வருடம் ஓட்டியவர்.

"முன்னூத்திப் பதினொண்ணு," என்றார் மூன்றாம் நாள். "இன்னா கெசியாம்மா, இது கொஞ்சம்கூட அலுத்துக்க மாட்டேங்குது? நமக்குத்தான் பேஜாரா இருக்குது."

"பாய், இது தோல் இல்ல."

"அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இதுக்குத் தெரியுதான்னுதான் பாக்கறாங்க."

முடிவு பதிவாயிற்று. ஐநூறு மடிப்புக்குப் பின்னும் கட்டளையில் வெடிப்பில்லை. நிறம் மங்கவில்லை. மணம் இயல்பு.

வெள்ளைக்கு இந்தச் சோதனை நடக்கவில்லை; அதற்குள் அது துண்டாகியிருந்தது. சோதனைக்கு வரும் ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. மூன்று பெட்டியையும் வெட்டிவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது என்று, யாரும் கேட்காமலே கெசியா பேசியதால், மூன்றுக்கும் பொதுவாக ஒன்றை மட்டும் வெட்டலாம் என்று குழு விட்டுக்கொடுத்தது. தோல் வெட்டுகிற அழுத்து இயந்திரத்தில் நிசார் வெள்ளையை வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைப்பிடியை இறக்கினார். அடுத்த வாரம் அந்தக் கம்பெனியின் ஆள் வந்து தன் பெட்டியை இரண்டு பைகளில் வாங்கிக்கொண்டு போனார். ஒரு துண்டு நிலையத்திலேயே தங்கிவிட்டது என்பதற்கு ரசீதும் கொடுத்தார்கள்.

அக்டோபர் கடைசியில், இனி சோதிக்க எதுவும் இல்லை என்ற நிலை வந்த பிறகு, இரண்டு பெட்டிகளும் என்ன செய்யும் என்று குழு கெசியாவைக் கேட்டது. அவள் செப்டம்பரில் எழுதிய அரைப் பக்கத்தையே வாயால் சொன்னாள். பழுப்பில் கூடுதலாக ஒரு வசதி இருப்பதையும் சொன்னாள். அதுதான் அவள் செய்த ஒரே தவறு. தூரத்திலிருந்து ஒரு பெட்டிக்குக் கட்டளை கொடுக்கும்போது, கை தவறி நம்முடைய வழியையே நாம் அடைத்துக்கொண்டால் திரும்ப உள்ளே போக முடியாது. அதற்காக, பத்து நிமிடத்துக்குள் இன்னொரு தரம் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடு என்று பழுப்பிடம் சொல்லி வைக்கலாம்.

இயக்குநர் ஆரோக்கியசாமி இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் அவர் பேச்சு முழுவதும் இருக்கிறது.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல நான் போட்ட எந்த உத்தரவும் உடனே அமலுக்கு வந்தது கிடையாது. அதனாலதான் எம்மேல ஒரு புகாரும் கிடையாது. இந்தக் கறுப்பு தட்டின உடனே செஞ்சிடுது. நாம பயப்படக்கூட டைம் குடுக்கல. கரண்ட் போனா செஞ்சதையே மறந்துடுது, அதைக்கூட மன்னிக்கலாம். ஆனா பழுப்பு நம்மாளு. முதல்ல வரைவு எழுதுது. பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாக்குது. ஒப்புதல் கொடுத்த அப்புறமும் நம்பாம பத்து நிமிஷம் காத்துக்கிட்டிருக்கு. யாரும் பொறுப்பு ஏத்துக்கலன்னா எதுவுமே நடக்காத மாதிரி பழைய நிலைமைக்குப் போய்டுது. இதைக் கண்டுபிடிச்சவன் நம்ம மாதிரி ஒரு டிபார்ட்மென்ட்ல கண்டிப்பா வேலை பாத்திருப்பான்."

பழுப்பு தேர்வாயிற்று. எந்த மாற்றமானாலும் அந்தப் பத்து நிமிட வசதியோடுதான் செய்யப்பட வேண்டும் என்றும், உறுதி செய்யும் அதிகாரம் இயக்குநருக்கே என்றும், அவருடைய உறுதி முறையான வழியாக வர வேண்டும் என்றும் தீர்மானம் எழுதினார்கள். முறையான வழி என்றால் கெசியாவிடமிருந்து ராஜம்மாள், ராஜம்மாளிடமிருந்து ஜெபராஜ், ஜெபராஜிடமிருந்து இயக்குநர், பிறகு அதே வழியில் கீழே. கெசியா கையைத் தூக்கினாள். அவளை யாரும் கேட்கவில்லை.

நவம்பர் மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து பத்துக்கு, வரவேற்பு அறையின் கண்ணாடி அலமாரியில் வைக்கப்பட்ட பழுப்புக்குக் கெசியா கட்டளைகளைக் கொடுத்தாள். ஓட்டைகளில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மாடியில் நிசார் தட்டிய ரிப்போர்ட் கீழே ராஜம்மாளின் திரையில் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். உறுதி கேட்டு ஃபைல் புறப்பட்டது. பத்து இருபதுக்கு விளக்குகள் அணைந்தன. வியாழக்கிழமை மதியம் ஃபைல் திரும்பி வந்தது. உறுதி செய்க என்று பச்சை மையில் இயக்குநர் எழுதியிருந்தார்.

உறுதி செய்ய அங்கே எதுவும் இல்லை. ஆகவே புதிதாகக் கட்டளை கொடுக்கப்பட்டது, புதிதாக ஃபைல் போயிற்று. நவம்பர் மாதத்தில் இப்படி ஏழு முறை. மாத அறிக்கையில் இணைப்பு மொத்தம் எழுபது நிமிடம் சிறப்பாக இயங்கியது என்று எழுதி அனுப்பினார்கள். சென்னையிலிருந்து பாராட்டு வந்தது.

ஆம்பூரில் குழந்தைகளுக்கான ஷூ தைக்கும் ஒரு சின்ன கம்பெனியின் மஹபூப் பாஷா, தன் ரிப்போர்ட்டுக்காக வந்து அந்த விளக்குகள் எரிவதையும் அணைவதையும் இரண்டு முறை நின்று பார்த்துவிட்டு, இது ஏதோ அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைத்துக்கொண்டு போனார்.

கெசியா ஒரு நாள் துணிந்து ஜெபராஜின் அறைக்குள் போனாள். பத்து என்பது ஒரு எண்தான், அதை மாற்றி மூன்று நாள் என்றுகூடப் பழுப்புக்குச் சொல்லலாம், ஃபைல் போய் வரும் வரை அது காத்திருக்கும் என்று விளக்கினாள். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு வருத்தப்பட்டார்.

"பத்துன்னு ரிப்போர்ட்ல போய்டுச்சே கெசியா. முறையை மாத்தினா மாதிரியே மாறிப் போகும். மறுபடி பதப்படுத்தணும், மறுபடி ஐநூறு."

கரண்ட் தங்குகிற அடுத்த நீண்ட விடுமுறை பொங்கலுக்குத்தான். அதற்குள் அவள் பதவியும் போய்விடும், வயதும் போய்விடும்.

எண்ணை மாற்ற முடியாது என்றான பிறகு ஃபைலை வேகப்படுத்துவது என்று முடிவாயிற்று. டிசம்பர் முதல் வாரத்திலிருந்து தினமும் மாலை நான்கு மணிக்கு ஒத்திகை. நிசார் ஃபைலைச் சுமப்பவர். கையில் சோதனைக்கூடத்து ஸ்டாப் வாட்ச். முதல் நாள் நாற்பத்தொரு நிமிடம். மூன்றாம் நாள் இருபத்தேழு. இயக்குநர் அறையை விட்டு வெளியே வந்து நடைபாதையிலேயே நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கியதும் பதினாறுக்கு இறங்கியது. ஜெபராஜ் பேனா மூடியைத் திறந்தே வைத்திருக்கப் பழகியதும் பதினொன்றரை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பத்து நிமிடம் இருபது விநாடி. அதற்குக் கீழே இறங்கவில்லை.

இரண்டு இடத்தில் நேரம் போயிற்று. ஒன்று, இயக்குநர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். ஃபைலில் இருந்தது ஒரே ஒரு வரி. அதை அவர் மூன்று முறை படிப்பார். இன்னொன்று ராஜம்மாளின் பதிவேடு. வரும்போது ஒரு பதிவு, போகும்போது ஒரு பதிவு, நாள், நேரம், பொருள், சுருக்கம். கெசியா அவரிடம் ஒரே ஒரு முறை, நேரத்தை மட்டும் பிறகு எழுதிக்கொள்ளலாமா என்று கெஞ்சினாள்.

"பதிவேட்டுல ஏறாத காகிதம் காகிதமே இல்லம்மா. வெறும் காத்து," என்று சொல்லிவிட்டு ராஜம்மாள் பேனாவுக்கு மை நிரப்பினார். அதிலும் ஒரு நிமிடம் போயிற்று.

டிசம்பர் முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, திட்டத்தை முடித்துவைக்கும் ஆய்வுக்காகச் சென்னையிலிருந்து இணை இயக்குநர் ஹெலன் வந்தார். வந்தவுடன் கழுத்தில் போட்ட மாலையை மேசையில் கழற்றி வைத்துவிட்டு நேராக வரவேற்பு அறைக் கணினியின் முன் உட்கார்ந்துவிட்டார். பேச்சு, தேநீர், நினைவுப் பரிசு என்று போட்டு வைத்திருந்த வரிசை குலைந்தது. பதினொன்றரைக்குக் கெசியா கட்டளைகளைக் கொடுத்தாள். விளக்குகள் எரிந்தன. ஃபைலோடு நிசார் ஓடினார்.

ஹெலன் மேடம் மாடியிலிருந்து ஒரு ரிப்போர்ட்டைக் கேட்டார். வந்தது. மஹபூப் பாஷாவின் குழந்தைகள் ஷூவுக்கான உள்தோல். படித்தார். இன்னொன்று கேட்டார். அதுவும் வந்தது. அவர் முகத்தில் திருப்தி தெரியத் தொடங்கியது. அந்தத் திருப்தியைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று இயக்குநருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நடைபாதை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, மேடத்தின் பக்கத்தில் நின்று, பத்து நிமிடக் காத்திருப்பின் நிர்வாக மேன்மை பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஏழாம் நிமிடத்தில் நிசார் ஃபைலோடு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு கையெழுத்து விழுந்திருந்தது. மூன்றாவதற்குத் தேவையான கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மேலதிகாரியிடம் பேசிக்கொண்டிருக்கும் அதிகாரியை இடைமறிக்கக் கூடாது என்பது அந்த நிலையத்தில் எழுதப்படாத விதி. எழுதியிருந்தால் திருத்தம் கேட்டுப் பார்க்கலாம். எட்டாம் நிமிடம். நிசார் தொண்டையைச் செருமினார். இயக்குநர் பொறுப்புணர்ச்சி பற்றிய பகுதிக்கு வந்திருந்தார். ஒன்பது.

கெசியா வீரமாக எதையும் நினைக்கவில்லை. மேடம் நான்காவது ரிப்போர்ட்டைத் திறக்கப் போகிறார், பாதியில் நின்றால் பார்க்க நன்றாக இருக்காது என்றுதான் நினைத்தாள். ஆறே எழுத்துத் தட்டினாள். என்டரும் தட்டினாள்.

"இப்ப பாருங்க மேடம்," என்று இயக்குநர் கைக்கடிகாரத்தை உயர்த்தினார். "சரியா பத்தாவது நிமிஷம், தானா நின்னுடும்."

நிற்கவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. விளக்குகள் எரிந்தபடியே இருந்தன. இயக்குநர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஜெபராஜ் அலமாரியின் அருகே போய்ப் பெட்டியை முகர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தானே ஓடுது? என்ன பிரச்சனை?" என்று கேட்டார் ஹெலன்.

"ஓடறதுதான் மேடம் பிரச்சனை," என்றார் இயக்குநர்.

யார் எப்போது என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதைப் பழுப்பு தானே குறித்து வைக்கும். அதுவும் அதன் தகுதிகளில் ஒன்றென்று குழு எழுதியிருந்தது. திறந்து பார்த்தார்கள். பதினொன்று முப்பத்தொன்பது, உறுதி, கெசியா. ஃபைலைத் திறந்து பார்த்தார்கள். இயக்குநர் கையெழுத்திட வேண்டிய இடம் வெண்மையாக இருந்தது. உடனே நிறுத்திவிடலாமா என்று ஜெபராஜ் கேட்டார். நிறுத்துவதும் ஒரு கட்டளை, அதற்குப் புது ஃபைல் போட வேண்டும் என்றார் ராஜம்மாள். ஆகவே அது ஓடிக்கொண்டே இருந்தது.

ஹெலன் மேடம் தன் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிப் படித்துக் காட்டினார். இணைப்பு உரிய அனுமதியின்றி இயங்குகிறது. பொறுப்பானவர் மீது எடுத்த நடவடிக்கையின் விவரம் நாளை மாலை ஐந்து மணிக்குள் வர வேண்டும். பிறகு நான்காவது ரிப்போர்ட்டைப் படித்து முடித்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று மாலை சத்துவாச்சாரி பேருந்தில் உட்காரும்போது கெசியாவுக்குக் கணக்குத் தெளிவாகவே இருந்தது. அனுமதியில்லாமல் ஓடுகிற இணைப்புக்கு எந்தக் குழுவும் சான்று தராது. சான்று இல்லையேல் நாளையோடு சரி. வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் வேதாகமத்தைத் திறந்தார், ஏழாம் பக்கத்தை எடுக்காமலே மூடிவைத்தார்.

முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்குக் குழு கூடியது. அவளை வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே நடந்ததை, ஃபைலை எடுக்கவும் வைக்கவும் போய் வந்த நிசார் பிறகு அவளுக்கு வரி விடாமல் சொன்னார்.

இயக்குநருக்கு விஷயம் எளிதாகத் தோன்றியது. அந்தப் பெண் இன்றோடு போகிறாள், போனவுடன் நடவடிக்கை எடுத்தாயிற்று என்று எழுதிவிடலாம் என்றார். ராஜம்மாள் விதிப் புத்தகத்தைத் திறந்தார். பதவி முடிந்து போவது நடவடிக்கை ஆகாது. நடவடிக்கை என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்க வேண்டும். குறிப்பாணை நிரந்தர ஊழியருக்கு மட்டும்தான் கொடுக்க முடியும். தற்காலிக ஊழியர் தவறே செய்ய மாட்டார் என்று விதிகள் கருதுகின்றன. அவர் தவறு செய்தால் அது அவருக்கு மேலே இருக்கும் நிரந்தர ஊழியரின் தவறு.

"அவளுக்கு மேலே யார்?" என்று இயக்குநர் கேட்டார்.

"நான் ஃபைல் பாக்கறவ மட்டும்தான் சார். தொழில்நுட்பத்துக்கு ஜெபராஜ் சார்."

ஜெபராஜ் எழுந்து நின்றார். தான் முறைப்படி சோதித்தது மட்டும்தான் என்றும், உறுதி செய்யும் அதிகாரம் தீர்மானத்தின்படி வேறு ஒருவரிடம் இருந்தது என்றும், அந்த வேறு ஒருவர் அப்போது பேசிக்கொண்டிருந்தார் என்றும் மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

அப்போது நிசாருக்குத் தோல் காயும் சத்தம் கேட்டதாம்.

"சரி," என்றார் இயக்குநர் கடைசியில். "அந்தப் பொண்ண நிரந்தரம் பண்ண என்ன வழி?"

"குழு சான்று குடுக்கணும் சார். இணைப்பு இயங்குதுன்னு."

"இயங்குதா?"

"நேத்து ஓட ஆரம்பிச்சது, இன்னும் நிக்கல சார்."

"அப்ப குடுங்க."

குற்றம் நடந்த நேரத்தில் அவள் நிரந்தர ஊழியராக இருந்தாக வேண்டும் என்பதால், நியமனம் இருபத்தொன்பதாம் தேதி முற்பகல் முதல் செல்லும் என்று எழுதினார்கள். இருபத்தொன்பதாம் தேதி இணைப்பு ஓடவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. சான்று, நியமன ஆணை, குறிப்பாணை மூன்றும் கெசியாவைத் தவிர எல்லா மேசைக்கும் போய் வந்தன. பழக்க தோஷத்தில் நிசார் ஸ்டாப் வாட்ச்சை அழுத்தியிருக்கிறார். ஆறு நிமிடம் பத்து விநாடி. இயக்குநர் மூன்றையும் ஒரே ஒரு முறைதான் படித்தாராம்.

மதியம் ராஜம்மாள் கெசியாவைக் கூப்பிட்டு இரண்டு உறைகளைக் கொடுத்தார். முதல் உறைக்கு முதலில் கையெழுத்து, இரண்டாவதற்கு இரண்டாவது. வரிசை மாறினால் சட்டம் கெட்டுவிடும் என்று எச்சரித்தார். கெசியா நின்றபடியே முதலாவதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். இரண்டாவதைப் படித்தாள்.

"மேடம், இதுக்கு நான் சந்தோஷப்படணுமா?"

"முதல் கவருக்குப் படு. ரெண்டாவதுக்குக் கொஞ்சம் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கோ. சார் கண்ணாடி வழியா பாக்கறார்."

கெசியா முயன்றாள். சரியாக வரவில்லை. பதினைந்து நாளில் பதில் எழுத வேண்டுமே, என்ன எழுதுவது, நான் செய்தது தவறுதானே என்று கேட்டாள்.

ராஜம்மாள் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, ஓரம் பழுத்த ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதுவும் குறிப்பாணைதான். 1989. ஒரு தபாலைப் பதிவேட்டில் ஏற்றாமல் அனுப்பியது ஏன் என்று கேட்டிருந்தது.

"விசாரணை முடியாத ஆளை இங்க வேலையிலேருந்து எடுக்கவும் முடியாது, வேற ஊருக்குத் தூக்கவும் முடியாதும்மா. காலஅவகாசம் கேளு, குடுப்பாங்க. மறுபடி கேளு, மறுபடி குடுப்பாங்க."

"நீங்க என்ன பதில் எழுதினீங்க மேடம்?"

"எழுதிட்டுத்தான் இருக்கேன்," என்றார் ராஜம்மாள். தாளைப் பழையபடி மடித்து உள்ளே வைத்தார். "இன்னும் வரைவுலதான் இருக்கு."

கெசியா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போன் பண்ணி அப்பாவிடம் முதல் உறையைப் பற்றி மட்டும் சொன்னாள். பிறகு கணினியில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து, தேதி போட்டாள். அனுப்புநர், பெறுநர் போட்டாள். ஐயா என்று எழுதி, ஒரு காற்புள்ளியும் வைத்தாள். ஒரு நாளைக்கு இது போதும் என்று தோன்றியது. பக்கத்தைச் சேமித்து மூடிவிட்டு, மாடியிலிருந்து வந்திருந்த ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக அச்சடிக்க ஆரம்பித்தாள்.